பிளேட்ல ஜீரோ, எலி மட்டும் பொழைச்சுது! ப்ரான்டோசில் கதை

[திரையில்: பெட்ரி டிஷ், க்ளோசப்]

வணக்கம் மக்களே, இந்த பிளேட்டை கொஞ்சம் உத்துப் பாருங்க. அகார்ங்கிற ஜெல்லி மேல பாக்டீரியாவை பஞ்சுக் குச்சியால பூசிட்டு, புதுசா செஞ்ச காம்பவுண்டை டிஎம்எஸ்ஓ-ங்கிற கரைப்பான்ல கரைச்சு குட்டி பேப்பர் டிஸ்க்ல ஊற விட்டு, அதை மேல வச்சு 37 டிகிரில ராத்திரி பூரா இன்குபேட்டர்ல போட்டாச்சு. காலைல பாத்தா டிஸ்க்கை சுத்தி பாக்டீரியா வளராத வட்டம், அதான் ஜோன், ஸ்கேல் வச்சு மில்லிமீட்டர்ல அளப்பாங்க. பக்கத்துல வெறும் டிஎம்எஸ்ஓ போட்ட டிஸ்க் ஒண்ணு கண்டிப்பா வேணும், இல்லன்னா பாக்டீரியாவை கொன்னது காம்பவுண்டா கரைப்பானான்னு எப்படி சொல்லுவீங்க?

ஜோன் பெருசுன்னா மருந்து பயங்கரம்னு அர்த்தம் இல்ல, அகார்ல சுலபமா பரவுற காம்பவுண்டுக்கும் பெருசா வரும். சரி, ஜோனே வரலைன்னா? தூக்கிப் போட்டுடலாமா?

[திரையில்: சிவப்பு சாயப் பொடி]

1932, ஜெர்மனி, எல்பர்ஃபெல்ட்ல பேயர் மருந்துக் கம்பெனியோட லேப். க்ளாரர், மீட்ச்னு ரெண்டு கெமிஸ்ட் சாயங்களை மாத்தி மாத்தி செஞ்சு குடுக்க, டோமாக்ங்கிற டாக்டர் அதை பாக்டீரியா மேல டெஸ்ட் பண்ணுவார். ஒரு சிவப்பு சாயம், சல்ஃபோனமைடுன்னு கந்தகம், நைட்ரஜன் இருக்கற ஒரு அணுக்கூட்டம் ஒட்டினது, டெஸ்ட் டியூப்ல பாக்டீரியாவை ஒண்ணுமே பண்ணல. ஆனா மனுஷன் அதோட விடல, ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கிற பாக்டீரியாவை ஏத்தின எலிகளுக்கும் குடுத்துப் பாத்தார். குடுக்காத எலிங்க செத்துச்சு, குடுத்ததெல்லாம் பொழைச்சுது! அதான் ப்ரான்டோசில்.

ஏன்னு 1935-ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல கண்டுபிடிச்சாங்க. உடம்புக்குள்ள போனதும் சாய மூலக்கூறு நடுவுல, ரெண்டு நைட்ரஜன் அணு சேர்ற இடத்துல உடையுது, சல்ஃபனிலமைடுன்னு நிறமே இல்லாத ஒண்ணு வெளிய வருது, வேலை பாக்குறது அதுதான். பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமினை (ஃபோலேட்) தானே செஞ்சுக்கும், அதுக்கு வேண்டிய பாபா-ங்கிற (PABA) மூலப்பொருள் மாதிரியே சல்ஃபனிலமைடு இருக்கறதால என்சைம் ஏமாந்து இதைப் பிடிச்சுக்குது, உற்பத்தி நின்னுடுது. நமக்கு ஃபோலேட் சாப்பாட்டுல இருந்தே வருது, அதனால நம்ம செல்லுக்கு இந்த அடி விழாது. அட்டகாசமான ஐடியா இல்ல?

பேயருக்குத்தான் வயித்தெரிச்சல், சல்ஃபனிலமைடை 1908-லயே வியன்னால கெல்மோங்கறவர் செஞ்சிருந்தார், பேட்டன்ட் காலமும் முடிஞ்சிருந்துச்சு, யார் வேணா செய்யலாம். ஆனா எனக்கு உறுத்துறது வேற. முதல் உலகப்போர் பூரா, காயம் சீழ் பிடிச்சு ஆளுங்க சாகும்போது, இந்தப் பொருள் சாயத்துக்கான சரக்கா சும்மா பாட்டில்ல உக்காந்திருந்துச்சு.