அந்தக் கடைசி ஒரு கெஜம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கால்பந்தில் ஓடிய ஒரு ஓட்டக்காரரைப் பற்றி. ஆனால் அவர் ஓடி முடித்த பிறகு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1988 ஜனவரி 10, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானம், பல் கிட்டிப்போகிற குளிர். பிளேஆஃப் ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் அணி வாஷிங்டனிடம் 21-17 என்று தோற்றுவிட்டது. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் 34ஆம் எண் சட்டை போட்ட ஒருவர் மட்டும் பெஞ்சில் தலையைக் கையில் தாங்கியபடி உட்கார்ந்தே இருந்தார். அவர்தான் வால்டர் பேட்டன். அன்றைய கடைசி நிமிஷத்தில் அணிக்கு எட்டு கெஜம் தேவை, அதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, பந்து அவர் கைக்கு வந்தது, ஏழு கெஜம் போய்விட்டார், அதற்குள் எதிரணிக்காரர் அவரைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார். ஒரு கெஜம் குறைந்தது. 13 வருஷ ஆட்ட வாழ்க்கை அங்கே முடிந்தது.

அவர் கோட்டுக்கு வெளியே போனதில் ஏன் எனக்கு இத்தனை வருத்தம் என்று புரிய வேண்டுமானால் விளையாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு, நம்மைவிட நூறு பவுண்டு கூடுதலான ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்குள் சந்து தேடி ஓடுகிறவர். கபடியில் பாடிக்கொண்டு போகிறவரை மொத்த அணியும் சேர்ந்து அமுக்குமே, அதுபோல, ஆனால் ஓடி வந்து மோதி அமுக்குவார்கள், ஒரு ஆட்டத்தில் இருபது முப்பது தடவை. இதில் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பக்கக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது, அதற்கப்புறம் யாரும் இடிக்கக் கூடாது. பெரும்பாலான ரன்னிங் பேக்குகள் அப்படித்தான் செய்வார்கள், அதில் தப்பே இல்லை, அந்த இடத்தில் ஆடுகிறவர்களின் உடம்பு நான்கைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும்.

பேட்டன் அதைச் செய்ய மாட்டார். கோடு பக்கத்தில் இருக்கும், ஒரு எட்டு வைத்தால் போதும், அப்போது அவர் உள்பக்கம் திரும்பித் தோளை இறக்கித் தன்னைப் பிடிக்க வருகிறவர் மேல் தானே போய் மோதுவார். பழைய ஆட்டப் பதிவுகளைப் பாருங்கள், மோதிய பிறகு கிடைக்கிற அந்த ஒன்று, இரண்டு கெஜத்தை எண்ணிப் பாருங்கள். அடிப்பவன் அடுத்த தடவை யோசித்து வரட்டும் என்பது ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் பாப் ஹில் என்ற பயிற்சியாளர் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. விழுவதாக இருந்தாலும் சுலபமாக விழாதே என்பதுதான் அந்தப் பாடம்.

அவர் பிறந்தது மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பியா என்ற சிறிய ஊர். பள்ளிக்கூடத்தில் முதலில் பேண்டு குழுவில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தார், அண்ணன் எடி ஏற்கெனவே அணியில் இருந்ததால் தாமதமாகத்தான் கால்பந்துக்கே வந்தார். 1970இல் அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியையும் வெள்ளையர் பள்ளியையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். கறுப்பினப் பள்ளியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சார்ல்ஸ் பாஸ்டனைச் சேர்ந்த பிறகு உதவிப் பயிற்சியாளராக இறக்கிவிட்டார்கள். அந்த அணியில்தான் பேட்டன் ஓடினார். அப்புறம் அவர் போய்ச் சேர்ந்த ஜாக்சன் ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. அவர் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு, 1970 மே மாதம், அந்த வளாகத்தில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் செத்திருந்தார்கள். எந்த மண்ணிலிருந்து அவர் வந்தார் என்பதை ஓட்டக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

1975இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, மொத்தத்தில் நான்காவது ஆளாக அவரைச் சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? எட்டு தடவை ஓடினார், மொத்தம் பூஜ்ஜியம் கெஜம். இரண்டு வருஷம் கழித்து, 1977 நவம்பர் 20, ஃப்ளூ காய்ச்சலோடு மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக இறங்கி, 40 தடவை பந்தை ஏந்தி ஓடி 275 கெஜம் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் அவ்வளவு தூரம் அதுவரை யாரும் ஓடியதில்லை, 2000 வரைக்கும் அந்தச் சாதனை நின்றது. ஆட்டம் 10-7 என்று முடிந்தது, அதாவது அந்த 275 கெஜமும் தேவைப்பட்டிருக்கிறது. 1984இல், அதுவரை மொத்த ஓட்டத்தில் முதலிடத்தில் இருந்த ஜிம் பிரவுனின் 12,312 கெஜத்தைத் தாண்டினார், ஓய்வு பெறும்போது கணக்கு 16,726. இவ்வளவு இடிபட்டவர் 13 வருஷத்தில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் முதல் வருஷம். எனக்கு 16,726ஐ விட அந்த ஒன்று பெரிதாகத் தெரிகிறது.

அது எப்படி அவரால் முடிந்தது என்று கேட்டால் பதில் சிகாகோவின் புறநகரான ஆர்லிங்டன் ஹைட்ஸில் இருக்கிறது. இங்கே ஷாம்பர்க், நேப்பர்வில் பக்கமிருந்து வந்திருப்பவர்களுக்கு ஊர் தெரியும். இன்றைக்குக் கோல்ஃப் மைதானம் இருக்கிற இடத்தில், குப்பை கொட்டி மேடாகிப்போன ஒரு குன்று அப்போது இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் பேட்டன் அதில் ஏறி ஏறி ஓடுவார். ஊரில் இருந்தபோது பேர்ல் ஆற்றங்கரை மணலில், மிசிசிப்பி வெயிலில் ஓடிப் பழகிய கால்கள். கூட வருகிறேன் என்று வந்த தொழில்முறை வீரர்களே பாதியில் வாந்தி எடுத்திருக்கிறார்கள். போன கோடையில் நானும் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தேன். நடந்துதான் ஏறினேன், முக்கால்வாசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே புல், சுற்றிலும் வீடுகள், கைத்தட்ட ஒரு ஆள் இல்லை. இப்படி ஒரு இடத்தில் தனியாக ஓடியவர்தான், மோதிய பிறகும் கிடைக்கிற அந்த ஒரு கெஜத்தை ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்தார்.

டச்டவுன் அடித்தால், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால், பந்தைத் தரையில் ஓங்கி அடித்து ஆட மாட்டார், நடுவரிடமோ தனக்கு வழி திறந்துவிட்ட தோழரிடமோ கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அவரை 'ஸ்வீட்னெஸ்' என்று கூப்பிட்டார்கள், இனிமை என்று பொருள்.

அப்படிப்பட்டவருக்கும் மனம் உடைந்த நாள் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 26, நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல், அந்த சீசனின் இறுதிப் போட்டி. பேர்ஸ் 46-10 என்று நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை நொறுக்கியது. பத்து வருஷத்துக்கு மேல் அணியைத் தோளில் சுமந்த பேட்டனுக்கு ஒரு டச்டவுன்கூடக் கிடைக்கவில்லை. எல்லைக்கு ஒரு கெஜம் பாக்கி இருக்கும்போது பந்தை வில்லியம் பெரி என்ற ராட்சத உருவத் தடுப்பாட்டக்காரரிடம் கொடுத்தார்கள், கூட்டம் கொண்டாடியது. எதிரணி முழுக்கப் பேட்டனையே குறிவைத்து நின்றதால்தான் மற்றவர்களுக்கு வழி திறந்தது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு கெஜம் அவருக்குச் சேர வேண்டியது. பயிற்சியாளர் மைக் டிட்கா பிற்காலத்தில் அதை நினைத்து வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார்.

சரி, இனி சொல்ல வேண்டியது கஷ்டமான பகுதி. 1999 பிப்ரவரியில் பேட்டன் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார், கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகியிருந்தார். பித்த நாளங்கள் வீங்கித் தழும்பேறிச் சுருங்கி, பித்தநீர் வெளியேற முடியாமல் கல்லீரலையே அரித்துவிடும் ஓர் அரிய நோய், மாற்றுக் கல்லீரல்தான் வழி. பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆமாம், பயம்தான், உங்களுக்கு இருந்தால் பயப்பட மாட்டீர்களா என்று கேட்டுவிட்டு அழுதார். மகன் ஜாரெட் பக்கத்தில் இருந்தார். ஆறு வருஷம் முன்பு, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அப்பாவை மேடையில் அறிமுகப்படுத்தியபோது அந்தப் பையனுக்கு 12 வயது.

பிரபலம் என்பதற்காக மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையில் முன்னால் போக முடியாது, அவரும் அதைக் கேட்கவில்லை. பிறகு பித்த நாளத்தில் புற்றுநோய் தெரியவந்தது, அது பரவிவிட்டதால் மாற்று அறுவைக்கே வழியில்லாமல் போனது. அந்த மாதங்களில் மைதானத்தில் அவருக்கு முன்னால் ஓடி வழி திறந்துகொடுத்த மேட் சூஹிதான் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் கூடவே இருந்தார். 1999 நவம்பர் 1 அன்று பேட்டன் இறந்தார். ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

ஆறு நாள் கழித்துப் பேர்ஸ் அணி, பரம எதிரி கிரீன் பே பேக்கர்ஸின் ஊரில் ஆடியது. 14-13 என்று முன்னிலை, கடைசி நொடியில் பேக்கர்ஸ் கோலை நோக்கி உதைத்த பந்தை பிரையன் ராபின்சன் எம்பித் தடுத்துவிட்டார். என்னை மேலே தூக்கிவிட்டது வால்டர்தான் என்று பிறகு சொன்னார்.

பேட்டன் நோயை வெளியே சொன்ன பிறகு இலினாயில் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவர்கள் கூடினார்கள், அவருக்கு உதவாத அந்தப் பதிவுகள் வேறு யாருக்கோ உதவியிருக்கும். நம் மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனால் கவுண்டரில் இருப்பவர் கண் பரிசோதனை எல்லாம் முடிந்ததும் அலுப்பான குரலில் ஒரு கேள்வி கேட்பார், தானப் பட்டியலில் பெயர் சேர்க்கட்டுமா என்று. என் முறை வந்தபோது பின்னால் நீண்ட வரிசை, யோசிக்க நேரமில்லை. சேருங்கள் என்றேன்.