குறைந்த செலவில் கார் பாலிஷ்: முதல் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

[காட்சி: கருப்பு நிறக் காரின் பானெட். கைவிளக்கின் ஒளி ஒரே புள்ளியாக விழுகிறது; அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள்.]

வணக்கம். திரையில் நீங்கள் காணும் இந்தக் கீறல்கள் பெரும்பாலும் காரைக் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவை. ஒளியைச் சுற்றி வட்டவட்டமாக அமைந்திருப்பதுபோல் தோன்றினாலும், அவை எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் அந்த வட்டமும் கூடவே நகர்வதைப் பாருங்கள். இவற்றை நீக்குவதற்காக முதன்முறை பாலிஷ் செய்ய விரும்பும் ஒருவர், கையில் உள்ள குறைந்த தொகைக்குள் எவற்றை வாங்க வேண்டும், எவற்றைத் தள்ளிப்போடலாம், எவற்றின் பக்கமே போகக் கூடாது என்பதே இந்த வீடியோவின் பொருள்.

[காட்சி: பெயின்ட் அடுக்குகளின் குறுக்குவெட்டு வரைபடம்.]

முதலில் பெயின்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இன்றைய பெரும்பாலான கார்களில் உலோகத்தின்மேல் பிரைமர், அதற்குமேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடித்த பெயின்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமனே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், நாம் எவ்வளவு மெல்லிய படலத்தின்மீது இயந்திரத்தை வைக்கப்போகிறோம் என்பது புரியும். பாலிஷ் செய்வது கீறலை நிரப்பும் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குவதே உண்மையில் நடப்பது. அப்படித் தேய்ந்தது திரும்ப வராது. சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்களும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன என்பதால், அளவுக்கு மீறித் தேய்த்த இடம் சில ஆண்டுகள் கழித்து வெளுத்து உரியத் தொடங்கலாம்.

ஆகவே தொடக்கநிலையில் இருப்பவருக்கான கருவியை, அது எவ்வளவு வேகமாகக் கீறலை எடுக்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது. நம் கை தவறும்போது அது எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதையே பார்க்க வேண்டும். இனி வரும் எல்லாத் தேர்வுகளுக்கும் இதுவே அளவுகோல்.

[காட்சி: மேசைமீது ரோட்டரி பாலிஷரும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரும் அருகருகே.]

இடப்பக்கம் இருப்பது ரோட்டரி. இதில் பேட், அதாவது பெயின்டைத் தேய்க்கும் வட்டமான மெத்தை, ஒரே அச்சில், மோட்டார் சுற்றும் வரை விடாமல் சுற்றும். வெட்டும் திறன், அதாவது கிளியர் கோட்டைத் தேய்த்தெடுக்கும் திறன், அதிகம்; விலையும் பல நேரங்களில் குறைவு. கடையில் முதலில் கண்ணில் படுவதும் இதுவாகவே இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் சில நொடிகள் கூடுதலாக நின்றாலோ, பேடின் விளிம்பு சாய்ந்தாலோ, வெப்பம் அங்கேயே குவிந்து கிளியர் கோட்டைக் கருக்கிவிடும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், பழகாத கை வெயிலில் அலையலையாகத் தெரியும் ஹாலோகிராம் தடங்களை விட்டுச்செல்லும். அவற்றை நீக்க இன்னொரு சுற்று பாலிஷ் தேவைப்படும்.

வலப்பக்கம் இருப்பது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ. இதில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மைய அச்சிலிருந்து சற்று விலகிய ஒரு சிறு வட்டப்பாதையிலும் ஆடுகிறது. சுழற்சியை மோட்டார் நேரடியாகத் திணிப்பதில்லை. பேட் ஒரு பேரிங்கின்மீது தளர்வாகவே சுற்றுகிறது. எனவே நாம் அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். வேலை நடக்காது, பெரிய சேதமும் நடக்காது. நாம் தேடும் பொறுமை இதுதான். இதைக் கண்ணால் அறிய ஓர் எளிய வழி உண்டு.

[காட்சி: அண்மைக் காட்சி. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் தடித்த கோடு போடப்படுகிறது.]

பேடை ஒட்டி மாட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் இப்படி ஒரு கோடு போட்டுவிடுங்கள். இயந்திரம் ஓடும்போது கோடு சுற்றிவருவது தெரிந்தால் பேட் சுழல்கிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் அல்லது பேடைத் தளமாகப் பிடிக்க வேண்டும் என்று பொருள்.

டிஏ வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் எண் அதன் ஆர்பிட், அதாவது அந்தச் சிறு வட்டப்பாதையின் விட்டம். 8 அல்லது 9 மில்லிமீட்டர் இயந்திரங்கள் மலிவானவை, கைக்கு அடங்குபவை, வளைந்த பகுதிகளில் எளிதாகச் செல்பவை. 15, 21 மில்லிமீட்டர் இயந்திரங்கள் பெரிய சமதளங்களை விரைவாக முடிக்கும். ஆனால் கதவின் வளைவிலும் பம்பரின் மடிப்பிலும் சுழற்சி நின்றுபோவது அவற்றில் அதிகம், விலையும் கூடும். ஒரே ஒரு காரை, அதுவும் ஓய்வு நாள்களில் செய்யப்போகிறவருக்கு 8 அல்லது 9 மில்லிமீட்டரே போதும் என்பது என் கருத்து. பல்சக்கரம் வழியாகச் சுழற்சியைக் கட்டாயப்படுத்தும் டிஏ வகையும் உண்டு. அது அழுத்தினாலும் நிற்காது. அந்தக் காரணத்தாலேயே அது முதல் இயந்திரமாக இருக்க வேண்டாம்.

வாட் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். வேகத்தைப் படிப்படியாக மாற்றும் சக்கரம் இருக்கிறதா, மெதுவாகத் தொடங்குகிறதா, சுமை ஏறும்போது வேகம் விழாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள். எடையும் முக்கியம்: கதவின் கீழ்ப்பகுதியில் மண்டியிட்டு அரை மணி நேரம் பிடித்திருக்கும்போது கூடுதலான அரைக்கிலோ நன்றாகவே தெரியும். பிளேட் 5 அங்குல அளவில், சந்தையில் எங்கும் கிடைக்கும் பேடுகளை ஏற்பதாக இருக்கட்டும். பின்னாளில் குறுகிய இடங்களுக்காக 3 அங்குலப் பிளேட்டை அதே இயந்திரத்தில் மாட்டலாம் என்று நினைப்பவர்கள், உள்ளிருக்கும் எதிரெடை பெரிய பிளேட்டுக்காக அளவிடப்பட்டது என்பதையும், எதிரெடையை மாற்ற வழியில்லாவிட்டால் அதிர்வு கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. துளையிடும் டிரில்லில் மாட்டும் பாலிஷ் பேட் முதலாவது. அது சமநிலை இல்லாத ரோட்டரியாகவே வேலை செய்யும், ரோட்டரியின் ஆபத்துகள் அனைத்தும் அதில் உண்டு, கட்டுப்பாடு மட்டும் இல்லை. இரண்டு கைப்பிடிகளுடன் பெரிய வட்டத் துணி உறை போர்த்திவரும் இயந்திரம் இரண்டாவது. அது மெழுகு தடவுவதற்கு உதவும், கீறலை எடுக்கும் வலு அதற்கு இல்லை.

[காட்சி: வெவ்வேறு நிற ஃபோம் பேடுகள், அருகில் மைக்ரோஃபைபர் பேட்.]

இயந்திரத்துக்கே பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பேடுடன் தொடங்குவது மிகப் பரவலாக நடக்கும் தவறு. பெயின்டைத் தொடுவது பேடுதான். ஒரு பகுதி முடிவதற்குள் அது தேய்ந்த பெயின்டையும், தேய்ப்பதற்காக நாம் இடும் திரவமான காம்பவுண்டையும் உள்வாங்கி அடைத்துக்கொள்கிறது. நடுப்பகுதியில் வெப்பம் ஏறி ஃபோம் தளர்கிறது. வெல்க்ரோவின் பசை விட்டுப்போகிறது. ஆகவே நடுத்தரக் காருக்கு நடுத்தர வெட்டுடைய ஃபோம் பேடுகள் 4, மென்மையானவை 2 என்று எடுத்துக்கொண்டு, சூடேறியதைக் கழற்றி ஆறவிட்டு அடுத்ததை மாட்டுவது நல்லது. ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு, குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு நைலான் தூரிகையால் பேடைத் துப்புரவு செய்யுங்கள். மிகத் தடித்த பேடுகள் டிஏவின் அசைவைத் தமக்குள்ளேயே விழுங்கிவிடும். மெல்லியவையே 8 மில்லிமீட்டர் இயந்திரத்துக்குப் பொருந்தும். பேடின் நிறத்தை வைத்து மட்டும் வாங்காதீர்கள்: ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு இன்னொன்றின் ஆரஞ்சுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது. மைக்ரோஃபைபர், கம்பளி பேடுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காம்பவுண்ட் வகையில் செலவைக் குறைக்க நிறைய இடமுண்டு. கரடானது, நடுத்தரம், மென்மை என்று மூன்று பாட்டில்கள் வாங்க வேண்டியதில்லை. நடுத்தரத்துக்கும் மென்மைக்கும் இடைப்பட்ட ஒரு பாட்டிலே பெரும்பாலான கார்களில் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றத்தைத் தரும். பேடை மாற்றினால் அதே திரவம் கூடவோ குறையவோ வெட்டும். பாலிஷும் பாதுகாப்பு மெழுகும் கலந்த ஒரே திரவங்களும் கிடைக்கின்றன. தினமும் ஓடும் காருக்கு, முழுமையை எதிர்பார்க்காதவருக்கு, அவை நேர்மையான தேர்வுதான். ஆனால் சில திரவங்களில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் கீறலை நீக்காமல் மறைத்துவிடும். முடித்த இடத்தை, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்தபின் விளக்கடியில் பாருங்கள். கீறல் திரும்பத் தெரிந்தால் அது போகவில்லை, ஒளிந்திருந்தது.

[காட்சி: மடித்த மைக்ரோஃபைபர் துண்டுகள், மாஸ்கிங் டேப், கைவிளக்கு, க்ளே பார்.]

துண்டுகளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கடினமான துண்டு நீங்கள் நீக்கிய கீறலை உடனே திரும்பப் போட்டுவிடும். ஓரத் தையல் இல்லாத, மென்மையான மைக்ரோஃபைபர் துண்டுகளைப் பத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, தரையில் விழுந்ததை அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள்; துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள். விளக்குக்கு, ஒற்றை எல்இடி கொண்ட சாதாரணக் கைவிளக்கே போதும். களிமண் போல் பிசையக்கூடிய கட்டியான க்ளே பாரைத் தவிர்க்க முடியாது: கழுவிய பின்னும் பெயின்டில் ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்காமல் பேடை ஓட்டினால், அந்தத் துகள்களாலேயே பெயின்டைத் தேய்த்தவராவீர்கள். மாஸ்கிங் டேப் கருப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கு மட்டுமானது என்று எண்ண வேண்டாம். உடலின் கூர்மையான மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் காய்வதற்கு முன்பே விலகி வழிந்துவிடுவதால் படலம் அங்கே மெல்லியதாக இருக்கும். அந்த இடங்களுக்கும் டேப் ஒட்டுங்கள்.

பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி வாங்க வேண்டுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. மலிவான கருவிகள் எல்லா அடுக்குகளின் மொத்தத்தையே காட்டும், கிளியர் கோட்டைத் தனியே காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் அவை வேலையே செய்யாது. காரை முதலிலிருந்தே நீங்கள் வைத்திருந்து, மென்மையாக ஒரே ஒரு முறை பாலிஷ் செய்யப்போகிறீர்கள் என்றால் அதைத் தள்ளிப்போடலாம். கைமாறி வந்த காரில் எங்கே மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள், எங்கே ஏற்கெனவே தேய்த்திருக்கிறார்கள் என்பது தெரியாது என்பதால், அப்போது யாரிடமிருந்தாவது இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். கண்ணாடி, முகமூடி, மழமழப்பான தரையில் வழுக்காத காலணி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

[காட்சி: டேப்பால் குறிக்கப்பட்ட சதுரம். பேடில் பட்டாணி அளவில் நான்கு துளிகள்.]

எல்லாம் கைக்கு வந்ததும் முழுக் காரிலும் இறங்கிவிடாமல், பானெட்டில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். மென்மையான பேடில் பட்டாணி அளவுத் துளிகள் நான்கு வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகச் சக்கரத்தை 4 அல்லது 5க்கு உயர்த்தி, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்ற நிதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை செல்லுங்கள். பேடில் காரின் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள்: கிளியர் கோட் உள்ள காரில் அப்படி ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். துடைத்து, ஆல்கஹால் தெளித்து, விளக்கைக் காட்டுங்கள். கீறல்கள் மறைந்திருந்தால் முழுக் காருக்கும் அதே பேடும் அதே திரவமும்தான். மறையாவிட்டால் அதே சதுரத்தில் நடுத்தரப் பேடுக்கு மாறுங்கள். அதற்கும் அசையாதவற்றில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நிற்கும் கீறல் ஆழமானது, அதை நீக்கும் அளவுக்குக் கிளியர் கோட் அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். மீதிக் கீறல்களும் நடுத்தரப் பேடுக்கு அசையவில்லை என்று இந்தச் சதுரத்தில் தெரிந்துகொண்ட பிறகுதான் கரடான காம்பவுண்டுக்குப் பணம் செலவிட வேண்டும்.