ரத்தத்தில் ஓடும் முப்புரி

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் ஊர் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். டெங்கு பரிசோதனைத் தாளில் ‘ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்று இருந்தால் வீடே பதறுகிறது. அந்த ஐஜிஎம் கிருமி அல்ல. கிருமியைப் பிடிக்க நம் உடம்பு செய்த ஆன்டிபாடி. சரி, பிடித்தால் மட்டும் போதுமா? பிடித்துவிட்டது என்று கண்டுகொண்டு அடுத்த வேலையைத் தொடங்கிவைக்க ஒரு புரதம் ரத்தத்திலேயே சுற்றுகிறது. அதன் பெயர் சி1க்யூ.

பாடப்புத்தகங்களில் இதை டூலிப் பூங்கொத்து என்பார்கள். நமக்கு மல்லிகை இருக்கிறது. ஆறு மொட்டுகளைச் சேர்த்துக் காம்புகளின் அடியில் நூலால் கட்டுங்கள். மேலே அவை விலகி விரியட்டும். காம்புகள் கொஞ்சம் நீளம் என்று வைத்துக்கொண்டால் சி1க்யூவின் உருவம் அதுதான். மொத்தம் 18 அமினோ அமிலச் சங்கிலிகள். ஏ, பி, சி என மூன்று வகை, வகைக்கு ஆறு. வகைக்கு ஒன்றாக மூன்று முறுக்கிக்கொண்டால் ஒரு காம்பு. அவற்றின் நுனிகள் சுருண்டு சேர்ந்தால் ஒரு மொட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காம்புதான். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைப் போலவே அது மூன்று இழை முறுக்கிய முப்புரிச் சுருள். கொலாஜன் முப்புரி என்று 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று புரிகளும் நெருங்கும் நடுவில் இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின்; இருப்பதிலேயே சிறியது அதுதான். சி1க்யூவின் காம்பில் நடுவாக்கில் ஓரிடத்தில் இந்த வரிசை தவறுகிறது. அங்கேதான் காம்பு வளைந்து விரிகிறது. ராமச்சந்திரன் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கேள்வியாக மட்டும் தெரிவது எனக்கு வருத்தம். இதையும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

ஐஜிஎம் சும்மா மிதக்கும்போது சி1க்யூ ஒட்டும் இடம் மறைந்தே இருக்கும். கிருமியின் மேல் உட்கார்ந்து வளைந்தபிறகுதான் அது வெளியே தெரியும். ஒரு மொட்டின் பிடி தளர்வானது. பல மொட்டுகள் சேர்ந்து பிடித்தால்தான் நிற்கும். அப்புறம் காம்புகளுக்கு இடையே இருக்கும் சி1ஆர், சி1எஸ் என்ற நொதிகள் விழிக்கின்றன. ஒன்று அடுத்ததை வெட்டி எழுப்ப, அந்தத் தொடரின் கடைசியில் பாக்டீரியாவின் சவ்வில் துளை விழுகிறது. கண்ட நேரத்தில் தொடங்கினால் நம் செல்களுக்கே ஆபத்து என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு.

பிறவியிலேயே சி1க்யூ இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது; உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் அது. செத்த செல்களை அகற்றுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. அவை தேங்குவதே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டின் அணு அமைப்பு 2003இல் வெளியானது. புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் 1பிகே6 என்ற எண்ணில் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று சங்கிலிகளுக்கும் மூன்று நிறம் கொடுத்துத் திருப்புங்கள். உச்சியில் ஒரு கால்சியம் அயனி தெரியும். சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், பதில் அனுப்புகிறேன். வணக்கம்.