மூத்தவன் சொன்னதை நம்பிய படம்: ‘தி வாண்டரர்’ (1925)

அனைவருக்கும் வணக்கம். ரவுல் வால்ஷ் இயக்கி 1925ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி வாண்டரர்’ என்ற அமெரிக்க மௌனப் படத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கெட்ட குமாரன் உவமைதான் இந்தப் படத்துக்கு மூலம்.

உவமையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு இரண்டு மகன்கள். இளையவன் தன் பங்குச் சொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தூரதேசம் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பஞ்ச காலத்தில் பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான். பன்றிகளுக்குப் போடுகிற தவிடாவது கிடைக்காதா என்று ஏங்குகிற அளவுக்குப் பசி முற்றிய பிறகு வீடு திரும்புகிறான். தகப்பன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வரும் மூத்தவன் கோபம் கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் அழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே உவமை நின்றுவிடுகிறது.

22 வசனங்கள் கொண்ட இந்த உவமையில், இளையவன் தூரதேசத்தில் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு 13ஆம் வசனத்தின் கடைசிப் பகுதி மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அவன் துன்மார்க்கமாக வாழ்ந்து சொத்தை அழித்தான் என்று இருக்கிறதே தவிர, எந்தப் பெண்ணைப் பற்றியும் பேச்சில்லை. பெண்கள் முதன்முதலாக வருவது 30ஆம் வசனத்தில், அதுவும் மூத்தவனுடைய வாயிலிருந்து. வேசிகளோடு சேர்ந்து உம்முடைய சொத்தை அழித்தவன் என்று அவன் தகப்பனிடம் தம்பியைக் குற்றஞ்சாட்டுகிறான். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு, தூரதேசத்தில் நடந்தது எப்படித் தெரியும்? உவமை அதைச் சொல்லவில்லை. அது உண்மையாக இருக்கலாம், வெறும் ஆத்திரமாகவும் இருக்கலாம். ஆனால் ஹாலிவுட் இந்தக் குற்றச்சாட்டை அப்படியே நம்பி, அதன்மேல் ஒரு முழுப் படத்தையே கட்டிவிட்டது என்பதுதான் என் வாதம்.

படத்தில் இளையவனின் பெயர் ஜெத்தர். வில்லியம் காலியர் ஜூனியர் நடித்த அந்த மேய்ப்பன், இஷ்டார் தெய்வத்தின் பூசாரிணியான டிஷாவிடம் மயங்கித்தான் வீட்டைவிட்டே போகிறான். உவமையில் இளையவன் ஏன் சொத்தைக் கேட்டான் என்பதற்குக் காரணமே தரப்படவில்லை, படத்திலோ காரணம் முழுவதும் டிஷாதான். டிஷாவாக நடித்தவர் நோர்வேயிலிருந்து வந்த கிரெட்டா நிஸ்ஸன். பின்னாளில் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படம் மௌனப் படமாகத் தொடங்கியபோது அதன் நாயகியாக இருந்தவரும் இவரே. படத்தைப் பேசும் படமாக மாற்றியபோது, இவருடைய ஆங்கில உச்சரிப்பு ஒத்துவராது என்று ஜீன் ஹார்லோவை அந்த இடத்தில் போட்டார்கள். மௌனத்தால் வாழ்ந்தவரைப் பேச்சு வீழ்த்தியது என்பது அந்தக் காலத்தில் பலருக்கும் நேர்ந்த கதை.

இந்தக் கதைப் பின்னலை வால்ஷ் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. ஜெர்மானிய எழுத்தாளர் வில்ஹெல்ம் ஷ்மிட்பான் எழுதிய நாடகத்தைத் தழுவி மாரிஸ் சாமுவேல்ஸ் எழுதிய ‘தி வாண்டரர்’, 1917ஆம் ஆண்டில் நியூயார்க் மன்ஹாட்டன் ஆப்பரா ஹவுஸில் பிரம்மாண்டமாக மேடையேறியது. மேடை அலங்காரத்துக்குப் பேர்போன டேவிட் பெலாஸ்கோ அதை இயக்கினார். ஆகவே படத்துக்கு வருவதற்கு முன்பே, கேளிக்கைக் காட்சிகள் இந்த உவமையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இதற்கு ஒரு வணிகக் கணக்கும் உண்டு. 1922ஆம் ஆண்டில் ஹாலிவுட் தயாரிப்பாளர்கள், வெளியிலிருந்து வந்த கண்டனங்களைச் சமாளிக்க வில் ஹேஸ் தலைமையில் ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பல மாநிலங்களில் தணிக்கைக் குழுக்கள் கத்தரிக்கோலோடு காத்திருந்தன. அப்படிப்பட்ட சூழலில், இறுதியில் மனந்திரும்புதல் இருக்கிறது என்ற உறுதியோடு வேதாகமக் கதையை எடுத்தால், நடுவில் எவ்வளவு ஆட்டம்பாட்டம் காட்டினாலும் அது பாவத்தைக் கண்டிக்கும் காட்சியாகவே கருதப்படும். 1923ஆம் ஆண்டில் இயக்குநர் செசில் பி. டெமில் ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தின் மூலம் இந்த வழி எவ்வளவு பணம் தரும் என்று காட்டியிருந்தார். அவருக்கு அந்தப் படத்தைத் தயாரித்த அதே பேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி நிறுவனந்தான் ‘தி வாண்டரர்’ படத்தையும் தயாரித்தது. இயக்குநராக வந்த வால்ஷ், முந்தைய ஆண்டில்தான் நடிகர் டக்ளஸ் பேர்பேங்க்ஸுக்காக ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ என்ற மாபெரும் அரங்க அமைப்புப் படத்தை முடித்திருந்தார். பெரிய நகரம் ஒன்றை எழுப்பி, அதைக் கூட்டத்தால் நிரப்பி, கடைசியில் இடித்துத் தள்ளத் தெரிந்தவரைத் தேடினால் அவரைத்தான் அழைப்பார்கள். படத்தில் நகரம் அழிவதும் உவமையில் இல்லாத சேர்க்கை. உவமையில் வருவது பஞ்சம் மட்டுமே. பஞ்சம் மெதுவாக வரும், திரையில் காட்டுவது கடினம். இடிந்து விழும் தூண்களோ உடனே கண்ணை இழுக்கும்.

நான் இதில் வருந்துவது, உவமையே மௌனப் படத்துக்கென்று எழுதியதுபோல இரண்டு செயல்களை வைத்திருக்கிறது என்பதால்தான். முதலாவது, தகப்பனின் ஓட்டம். அந்தக் காலத்து யூத சமூகத்தில் வயதும் மதிப்பும் உள்ள ஒருவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க ஓடுவது அவருடைய கௌரவத்துக்குக் குறைவு. அதைக் காட்ட, மௌனப் படங்களில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசன அட்டை ஒன்றும் தேவையில்லை. இரண்டாவது, பன்றிக்கூட்டத்தின் நடுவில் இளையவன் தயாரித்து வைத்த பேச்சு. உமக்கு விரோதமாகப் பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது அந்தப் பேச்சு. தகப்பனின் முன்னால் அவன் முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். பாதியில் நின்றுபோன பேச்சைவிட மௌனப் படத்துக்கு ஏற்றது வேறென்ன இருக்க முடியும்?

ஒப்பிட்டுப் பார்க்க, 1907ஆம் ஆண்டில் மிஷேல் காரே பிரான்சில் எடுத்த ‘லான்ஃபான் புரோதிக்’ (‘கெட்ட குமாரன்’ என்று பொருள்) படத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஜூன் மாதம் பாரிஸில் திரையிடப்பட்ட அது, ஐரோப்பாவின் முதல் முழுநீளப் படமாகக் கருதப்படுகிறது. காரேயே எழுதி 1890ஆம் ஆண்டில் மேடையேறிய வசனமற்ற ஊமைக்கூத்தை ஏறக்குறைய அப்படியே படம்பிடித்தார்கள். அதில் வேதாகமக் காலமே இல்லை. பியரோ என்ற வெள்ளை முகக் கோமாளி ஒரு சலவைக்காரப் பெண்ணுக்காகப் பெற்றோரின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். அவள் பணக்காரப் பிரபுவோடு போய்விட, வீடு திரும்புகிறான். தாய் உடனே மன்னித்துவிடுகிறாள். தகப்பனோ, மகன் படையில் சேர முன்வந்த பிறகுதான் இளகுகிறார். இங்கும் பெண் வந்துவிட்டாள், மன்னிப்புக்கு நிபந்தனை வேறு சேர்ந்துவிட்டது. மூத்தவன் அடியோடு காணாமல் போய்விட்டான். இருந்தாலும் வீட்டுக்குள் நடக்கும் நாடகத்துக்கு இடம் கொடுத்த அளவில், காரேயின் சிறிய கூத்து உவமைக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வால்ஷின் படத்தில் மூத்தவன் இருக்கிறான். அவனுக்கு ‘கால்’ (Gaal) என்று பெயர், ஜார்ஜ் ரேகாஸ் நடித்தார். உவமையில் இல்லாத தாயும் இருக்கிறாள், ஊரில் காத்திருக்கும் நயோமி என்ற பெண்ணும் இருக்கிறாள். இவர்களோடு வாலஸ் பீரி, எர்னஸ்ட் டாரன்ஸ் போன்ற திரையை நிறைக்கும் நடிகர்களும் சேர்ந்துவிட்டால், மூத்தவன் வெளியே நிற்கும் அந்தக் கடைசிக் கேள்விக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

தகப்பனாக நடித்தவரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர் டைரோன் பவர், பின்னாளில் அதே பெயரில் பெரும் நட்சத்திரமானவரின் தந்தை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பழகிய அந்த மேடை நடிகரின் குரலை இந்தப் படத்தில் யாரும் கேட்க முடியாது. அவர் நடித்த ஒரே பேசும் படம், 1930ஆம் ஆண்டில் வந்த ‘தி பிக் டிரெய்ல்’. அதையும் வால்ஷ்தான் இயக்கினார். அதில் அவருக்கு வில்லன் வேடம், நாயகன் ஜான் வெய்ன். அடுத்த ஆண்டே பவர் இறந்துவிட்டார்.