“இன்னைக்கு என்னல படிச்ச?”

நேயர்களுக்கு வணக்கம்.

மத்தியானச் சோறு முடிந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாமாருக்குத் தனியாக இன்னொரு வணக்கம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் பீடி சுற்றுகிற வீட்டில் ரேடியோ சும்மா இருக்காது. கை இலையில் இருக்கும், கண் கத்திரியில் இருக்கும், காதுக்கு மட்டும்தான் வேலை இல்லை. அந்தக் காதைக் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுங்கள். இலங்கை வானொலி கேட்டுக்கொண்டே பீடி சுற்றிய ஒருத்தியின் மகள்தான் நான். இப்போது ஒரு தொடக்கப்பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர்.

சாயங்காலம் நாலேகாலுக்கு நம் ஊர்களில் ஒரு உரையாடல் நடக்கும். பிள்ளை பையைத் திண்ணையில் வீசிவிட்டு உள்ளே வரும். அம்மா கேட்பாள், “இன்னைக்கு என்னல படிச்ச?” பிள்ளை சொல்லும், “ஒண்ணும் படிக்கல.” அம்மா நோட்டை எடுத்துப் பார்ப்பாள். ஒரு பக்கத்தில் கோணலாக நாலு கோடு, அடுத்த பக்கத்தில் ஒரு மாம்பழமும் பாதி யானையும். அவ்வளவுதான். “டீச்சரு ஒண்ணும் சொல்லித்தர மாட்டுக்காவ போல” என்று பக்கத்து வீட்டு மதினியிடம் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே டியூஷனுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுவாள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் மணலில் விரலால் எழுதினான், புளியமுத்தைக் குவித்து எண்ணினான், கை தட்டிப் பாடினான், ஒரு நரிக் கதை கேட்டான். இதெல்லாம் படிப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் கணக்கில் அது விளையாட்டு. அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டால் தப்பு யார்மேல்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாயைத் திறக்கவில்லை, எழுதினேன். அது இன்னும் மோசம். ஒரு பிள்ளை எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாக மாற்றி எழுதினாள். ஐந்து, ஆறு வயதில் இது சாதாரணம், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும். எனக்கு அப்போது அது புரியவில்லை. நோட்டில் சிவப்பு மையில், “எழுத்தை மாற்றி எழுதுகிறாள். வீட்டில் கவனிக்கவும்” என்று எழுதி அனுப்பினேன். அவள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கிற பையனிடம் காட்டியிருக்கிறாள். அவன் வாசித்து, உரையும் சொல்லியிருக்கிறான்: “ஒம் மகளுக்கு ஒண்ணுமே வரலையாம், டீச்சரு கோவமா எழுதிருக்காவ.” மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே ஈர்க்குத் தடம் இரண்டு. “கவனிக்கவும்” என்பதற்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம் உண்டு என்பதை நான் மறந்துபோனேன். வீட்டில் நன்றாகவே கவனித்துவிட்டார்கள்.

அன்றோடு நோட்டில் குறை எழுதுவதை விட்டேன். சிவப்பு மையையும் விட்டேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது, எங்கே பார்த்தாலும் சிரித்துப் பேசுகிறாள். எனக்குத்தான் அவள் கையைப் பார்க்கச் சங்கடம்.

சரி, வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். “பக்கத்து இங்கிலீஷ் ஸ்கூல்ல தினம் மூணு பக்கம் எழுதச் சொல்லுதாவ, நீங்க ஒண்ணுமே குடுக்க மாட்டுக்கிய” என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. ஒண்ணாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கூடாது. இது என் சோம்பேறித்தனம் இல்லை. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பற்றிய ஒரு வழக்கில் 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் இதைச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது: இந்த இரண்டு வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கிடையாது, புத்தகப்பை 1.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையின் விரலும் மணிக்கட்டும் பென்சிலை நெடுநேரம் பிடிக்கிற அளவுக்கு இன்னும் உரம் பெறவில்லை. மூன்று பக்கம் எழுதச் சொன்னால் முதல் பக்கம் பிள்ளை எழுதும், மீதி இரண்டையும் அம்மா எழுதுவாள். அம்மா கையெழுத்தை எங்களுக்குத் தெரியாதா என்ன!

ஆனால் வீட்டுப்பாடம் இல்லை என்றால் வீட்டுக்கு ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம். அங்கேதான் கோளாறு. முன்பெல்லாம் அந்த மூன்று பக்கத்தைப் பார்த்தாவது ‘ஓ, இப்ப இந்த எழுத்து நடக்கு போல’ என்று வீட்டில் தெரிந்துகொண்டார்கள். அதை எடுத்துவிட்ட பிறகு வேறு ஏதாவது வைக்க வேண்டும் இல்லையா?

நான் வைத்திருப்பது ஒரு சொல். ஒரு நாளைக்கு ஒன்று, வாசலில் நின்று, வாயால். நாலு மணி மணி அடித்ததும் கேட் பக்கத்தில் உள்ள வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வேன். அழைத்துப்போக வருகிறவர்களில் அம்மாமார் பாதி, ஆச்சிமார் பாதி. எல்லாருக்கும் ஒரே சேதி, இரண்டு வரிக்கு மேல் கிடையாது. முதல் வரி இன்றைக்கு என்ன செய்தோம் என்பது. இரண்டாவது வரி, வீட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி.

‘ட’ எழுதிய நாளில் சொன்னேன்: “இன்னைக்கு ட எழுதினோம். வீட்டுல ட மாதிரி இருக்கிறது என்னென்னன்னு கேளுங்க.” மறுநாள் வகுப்பில் ஒரே கூச்சல். வாசல்படி என்றான் ஒருவன், நாற்காலி என்றாள் ஒருத்தி. ஒரு பையன் மட்டும் எழுந்து, “டீச்சர், எங்க தாத்தா செவுத்துல சாஞ்சு கால நீட்டி உக்காந்தா ட” என்றான். எனக்கு அதற்குப் பிறகு கரும்பலகையில் ட எழுதும்போதெல்லாம் அந்தத் தாத்தாதான் தெரிகிறார்.

அ, ஆவை விட்டுவிட்டு ட-வில் ஏன் தொடங்குகிறீர்கள் என்று ஒரு ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாயால் சொல்வதற்கு அ, ஆ சுலபம். எழுதுவதற்கு அ எவ்வளவு வளைவு என்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள். ட இரண்டு கோடு, ப மூன்று கோடு. கை பழகியபின் வளைவுக்குப் போகலாம். “மொத்தம் 247 எழுத்தாமே, எப்ப முடிப்பிய?” என்றும் கேட்டார்கள். 247-ஐயும் தனித்தனியாகப் படிக்க வேண்டாம் ஆச்சி. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216-ம் உயிர்மெய். ஒரு எழுத்துக்குத் துணைக்கால் போட்டால் என்ன ஆகும், கொம்பு போட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால் மற்ற எழுத்துகளும் வரிசையாக வந்துவிடும். இதை வாசலில் நின்று சொன்னபோது ஆச்சி, “எங்களுக்கு இத யாரும் சொல்லலியே” என்றார்கள். அவர்கள் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள்.

கணக்குக்கும் அப்படித்தான். “அஞ்சு புளியமுத்தை எடுங்க. ரெண்டைத் திறந்து காட்டுங்க, மிச்சத்தை மூடிக்கிடுங்க. மூடின கையில எத்தனைன்னு கேளுங்க.” இவ்வளவுதான் சேதி. இதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் அந்த ஒரு பிடிக்குள் இருக்கின்றன. இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பன்னாங்குழி ஆடி வளர்ந்த கைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு அம்மா, “பீடிக்கட்டை எண்ணச் சொல்லட்டுமா டீச்சர்?” என்றாள். வேண்டாம். அந்தத் தூள் இருக்கிற சுளகுப் பக்கம் பிள்ளை வரவே வேண்டாம். எண்ணுவதில் தொடங்கி, நூல் கட்டுவதில் கொண்டுபோய் விடும். புளியமுத்து போதும்.

வாசலுக்கு வர முடியாதவர்களுக்கு நாலாம் வகுப்பு அக்காமார் தூது. சேதியை அவர்களிடம் சொல்லி, ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். துண்டுச்சீட்டைவிட இது பத்திரம். சீட்டு சட்டைப்பையோடு துவைத்துப்போய்விடும்.

அப்புறம் வாட்ஸ்அப். வகுப்புக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம். அதன் நன்மையும் தெரியும், தொல்லையும் தெரியும். பல வீட்டில் போன் அப்பாவிடம் இருக்கும். அப்பா திருப்பூரிலோ சவுதியிலோ இருப்பார். சேதி அவருக்குப் போய்ச் சேரும், அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குச் சேராது. இதிலும் ஒரு நல்லது நடந்தது. ராத்திரி வீடியோவில் பேசும்போது, “சாப்பிட்டியா, சேட்டை பண்ணாத” என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச அப்பாமாருக்கு விஷயம் கிடைத்தது. “மூடின கையில எத்தனை?” என்று சவுதியிலிருந்து ஒருவர் கையைக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

நான் அதில் எழுதுவதில்லை, பேசித்தான் போடுவேன். ஒரு நிமிஷத்துக்குள் குரல் பதிவு. எழுதினால் வாசிக்கத் தெரிந்தவர்களோடு நின்றுபோகும். தனிப்பிள்ளையின் குறை, மார்க், யார் முந்தி யார் பிந்தி, இவையெல்லாம் குழுவில் வரவே கூடாது. காலை வணக்கப் பூப்படமும் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், அதில் மட்டும் தோற்றுப்போனேன்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்று ஒரு திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் நல்ல மனசோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு அம்மா கண்கலங்கி வந்து நின்றாள். “எம் மவன் இன்னும் அரும்புலதான் கெடக்கானாம், அவன் கூட்டாளி வீட்டு அக்கா மலர்ல இருக்காளாம்.” அந்த அக்கா மூன்றாம் வகுப்பு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருப்பதுதான் முறை. பிச்சிச் செடியில் அரும்பைப் பார்த்து நாம் அழுகிறோமா? சொன்ன பிறகு சிரித்துக்கொண்டே போனாள். சொல்லாமல் விட்டிருந்தால் அன்று ராத்திரி அந்தப் பையன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சேதி இங்கிருந்து வீட்டுக்குப் போவதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து வருகிற சேதிதான் என்னைப் பல தடவை காப்பாற்றியது. ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எதையும் எழுத மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். மந்தம் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஒருநாள் வேப்பமரத்தடியில் அவன் ஆச்சி பேச்சுவாக்கில் சொன்னார்கள், “வீட்டுல டிவி பொட்டிமேலயே போய் உக்காருதான் டீச்சர், சொன்னா கேக்க மாட்டுக்கான்.” எனக்குப் பொறி தட்டியது. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டச் சொன்னேன். கண்ணாடி போட்டு வந்தவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையை முழுசாக வாசித்தான். ஆச்சி அன்றைக்கு வராமல் இருந்திருந்தால், அல்லது நான் அங்கே நிற்காமல் இருந்திருந்தால், அவன் மந்தமாகவே மூன்றாம் வகுப்பு வரை போயிருப்பான்.

அதனால் அம்மாமாரே, “டீச்சர்கிட்ட இதப் போய் எப்படிச் சொல்ல” என்று தயங்காதீர்கள். ராத்திரி தூங்கவில்லையா, வீட்டில் ஆட்டுக்குட்டி செத்துப்போனதா, அப்பா ஊருக்குப் போன துக்கமா, சொல்லிவிடுங்கள். காலையில் ஒரு வார்த்தை போதும். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்து டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். கழிப்பறைக் கதவையும் குடிதண்ணீரையும் அங்கே தாராளமாகக் கேட்கலாம். ‘எங்க பிள்ளைக்கு இந்த மாசம் என்ன சொல்லிக்குடுத்திய’ என்றும் கேட்கலாம். கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

போன வாரம் ‘ப’ நடந்தது. ப-வில் தொடங்குகிற பத்துச் சொல் சொல்லச் சொல்லுங்கள் என்று குரல் பதிவு போட்டிருந்தேன். ராத்திரி எட்டரைக்கு ஒரு அம்மாவிடமிருந்து பதில் வந்தது. பிள்ளையின் குரல்: “பல்லு, படி, பனை, பதனி, பழம், பசு, பந்து, பம்பரம், பல்லி…” இடையிடையே சரக், சரக் என்று இலை வெட்டுகிற கத்திரிச் சத்தம். ஒன்பதோடு நின்றுபோனான். கொஞ்ச நேரம் கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அம்மா மெதுவாகச் சொன்னாள், “பரணி. நம்ம ஆத்துல, தாமிரபரணி.” பிள்ளை உடனே, “அது தா-வுலல்லா வருது” என்றான்.