நின்றது எந்த இஞ்சின்?

நேயர்களுக்கு வணக்கம். இரட்டை இஞ்சின் விமானம் என்றதும், ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கிறதே என்றுதான் நினைப்போம். அமெரிக்காவின் பைப்பர் நிறுவனம் தயாரித்த சிறிய இரட்டை இஞ்சின் விமானங்களான அப்பாச்சி, அஸ்டெக் ஆகியவற்றை ஓட்டியவர்கள் முதலில் கேட்பது வேறு: நின்றது எந்த இஞ்சின்?

1948-ல் ஸ்டின்சன் விமானப் பிரிவை வாங்கியபோது, இரட்டை இஞ்சின் விமானத் திட்டம் ஒன்றும் பைப்பர் கைக்கு வந்தது. 1952 மார்ச் 2 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. 125 குதிரைத்திறன் இஞ்சின்கள் இரண்டு, வாலில் இரண்டு செங்குத்துத் தகடுகள். பறப்பு திருப்தி தரவில்லை. வாலை ஒற்றைத் தகடாக்கி, 150 குதிரைத்திறன் லைகோமிங் இஞ்சின்களைப் பூட்டி, 1954-ல் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் அப்பாச்சியாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு புரொப்பெல்லர்களும் கடிகார முள் போலச் சுற்றும். மூக்கைத் தூக்கி ஏறும்போது, புரொப்பெல்லரின் கீழிறங்கும் வலப்பக்க இறகு அதிகம் இழுக்கும். அதனால் வலது இஞ்சினின் இழுப்பு உடலிலிருந்து இன்னும் தள்ளிப்போகிறது. இடது நின்றால் மூக்கு கடுமையாக இடப்பக்கம் திரும்பும். போதாக்குறைக்கு, சக்கரத்தையும், இறக்கையின் பின்விளிம்பில் இறக்கி ஏற்றும் தகடான ஃபிளாப்பையும் எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் இருப்பதும் அதே இடது இஞ்சினில்தான்.

எழும்பிய நொடியில் அது நின்றதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் இன்னும் தொங்குகிறது. காற்றில் தானாகச் சுழலும் புரொப்பெல்லர் பம்பையும் ஓட்டும். ஆனால் அந்தச் சுழற்சியே பெரிய தடை. இறகுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினால் தடை குறையும், பம்பும் நின்றுவிடும். ஆகவே சக்கரத்தை மடக்கிவிட்டுப் புரொப்பெல்லரை நிறுத்துவது நல்லது. தவறினால் ஒரு கையில் விமானம், மறு கையில் கைப்பம்பு. பல பத்து முறை அடிக்க வேண்டும். இறங்கும்போது அதுவும் கைவிட்டால், சக்கரத்தை இறக்க ஒரு கார்பன் டை ஆக்சைடு குப்பி உண்டு. அது ஒரே ஒரு முறைதான்.

பாதி சக்தி போனால் ஏறும் வேகமும் பாதிதான் குறையும் என்பது தவறான கணக்கு. மட்டமாகப் பறக்கவே பெரும்பங்கு செலவாகிறது, மிஞ்சுவதுதான் ஏற்றும். அப்பாச்சியில் மிஞ்சுவது மிகக் குறைவு. 160 குதிரைத்திறன் ஆக்கியும் பெரிய மாற்றமில்லை. 1960-ல் வந்த அஸ்டெக்கின் 250 குதிரைத்திறன் இஞ்சின்கள்தான் உண்மையான மருந்து. உற்பத்தி 1980-களின் தொடக்கம் வரை நீடித்தது. அப்பாச்சி, அஸ்டெக் இரண்டும் சேர்த்து 6,900 விமானங்களுக்கு மேல்.

இன்றும் பறப்பவற்றில் கவனிக்க வேண்டியது எரிபொருள் தொட்டி. இறக்கைக்குள் இருப்பது ரப்பர் பை. அதில் சுருக்கம் விழுந்தால், மூடியின் பழைய வளையம் வழியே கசிந்த மழைநீர் அங்கேயே தேங்கும். பறக்கும் முன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்தால் பெட்ரோல் சுத்தமாகத்தான் தெரியும். மூக்கைத் தூக்கும்போது அந்த நீர் நகர்ந்து இஞ்சினுக்குப் போகும்.