டொனால்டையே தவறவிட்ட அளவுகோல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் என்றால் தூக்கத்தைத் துறந்து உட்காரும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

முதல் ஆண்டு ஆடும் ஒரு தடுப்பு வரிசை வீரரைப் பெயர்பெற்ற நட்சத்திரத்தோடு ஒப்பிடலாமா, கூடாதா என்பதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எடுத்துக்கொண்டது ஜேலன் கார்ட்டரை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆடியவர், 2023 டிராஃப்ட்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 9ஆவதாக எடுத்த டிஃபென்சிவ் டேக்கிள், தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். முதல் ஆண்டில் 6 சாக், அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எறிவதற்குள் தரையில் சாய்த்தது 6 முறை. ராம்ஸ் அணியின் நட்சத்திர டேக்கிளாக இருந்த ஏரன் டொனால்டின் முதல் ஆண்டில் 9 சாக். "கிட்டத்தட்ட அதே கணக்கு, அதே இடம், அதே வேகம். ஆகவே இவர்தான் அடுத்த டொனால்டு" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டுப் போனார்.

கார்ட்டரை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். அவரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. டொனால்டு என்கிற அளவுகோலை எடுத்து நீட்டுகிறீர்களே, அந்த டொனால்டை 2014இல் எதை வைத்து அளந்தார்கள்?

2014 மே மாதம். டிராஃப்ட் நடக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டொனால்டு அதற்கு முந்தைய பருவத்தில் 11 சாக் எடுத்திருந்தார். எதிரணி ஆட்டக்காரரை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியது 28.5 முறை, நாட்டிலேயே அதிகம். தடுப்பாட்டத்துக்கென்று கல்லூரி அளவில் தரும் பெரிய விருதுகளில் பலவற்றை அள்ளியிருந்தார். டிராஃப்ட்டுக்கு முந்தைய உடற்திறன் சோதனையில் 40 கஜத்தை 4.68 விநாடியில் ஓடினார். 225 பவுண்டு எடையை 35 முறை தூக்கினார். இதற்குமேல் ஒரு பையன் என்னதான் காட்ட வேண்டும்?

ஆனால் ஆள் ஆறடி ஓரங்குலம்தான், 285 பவுண்டு. உள்வரிசையில் நிற்கிறவர் ஆறடி மூன்று, நான்கு அங்குலம் இருக்க வேண்டும், 300 பவுண்டைத் தாண்ட வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அதற்குமுன் வந்த நட்சத்திரங்களின் உருவத்திலிருந்து. அந்த உருவத்துக்குப் பக்கத்தில் டொனால்டை நிறுத்திப் பார்த்தார்கள், சிறியவராகத் தெரிந்தார். 12 பேர் போன பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசியில் எடுத்த ராம்ஸ் அணிக்கே அந்த ஆண்டு 2ஆவது தேர்வும் கையில் இருந்தது. அதில் அவர்கள் எடுத்தது வேறொருவரை.

சரி, அன்று முதலாவதாகப் போனவர் யார்? ஜடேவியன் கிளவுனி. ஆறடி ஐந்தங்குலம், 40 கஜம் 4.53 விநாடி. 2013 புத்தாண்டு நாளில் மிச்சிகன் அணிக்கு எதிராக அவர் கொடுத்த ஒரு மோதலில் பந்தை வாங்கியவரின் தலைக்கவசம் கழன்று பறந்தது. அந்த ஒரு காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். தலைமுறைக்கு ஒருவர் என்றார்கள், பெரிய பெரிய பெயர்களோடு சேர்த்துப் பேசினார்கள். முதல் ஆண்டு முழங்கால் போனது. நான்கே ஆட்டம், ஒரு சாக்கும் இல்லை. அதன்பிறகு மூன்று முறை ஆண்டின் நட்சத்திர அணியான புரோ பவுலுக்குத் தேர்வானார், மரியாதையான ஆட்டக்காரராக நீண்ட காலம் நிலைத்தார். ஆனாலும் ஓர் ஆண்டில் 10 சாக்கை அவர் தொட்டதே இல்லை. இன்றும் அவரைப் பற்றிப் பேசினால் "எதிர்பார்த்த அளவு வரவில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதிர்பார்ப்பை ஏற்றிவைத்தது யார், நடுவர் அவர்களே? அந்தப் பையனா?

எதிரணியில் விவரமானவர்கள் இருக்கிறார்கள். "ஜான் ராண்டில் இருந்தாரே, ஆறடி ஓரங்குலம்தானே, டொனால்டை அவரோடு ஒப்பிட்டிருக்கலாமே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ராண்டிலை 1990 டிராஃப்ட்டில் யாருமே எடுக்கவில்லை. அப்புறம் 137.5 சாக் எடுத்து, மாபெரும் வீரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அவரைப் பார்த்த பிறகும் 24 ஆண்டுகள் கழித்து அதே தவறு நடந்தது. தங்களுக்குப் பிடித்த உருவம் எதுவோ, அதைத்தான் ஒப்பீட்டுக்கு எடுக்கிறார்கள்.

இனி எண்ணுக்கு வருகிறேன். எதிரணியின் வாதம் முழுக்க 6க்கும் 9க்கும் நடுவில்தான் நிற்கிறது. ஓரத்தில் நிற்பவருக்கு ஓடி வளைந்து வர இடம் இருக்கிறது. நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிளுக்கு எதிரே கார்டு, பக்கத்திலேயே சென்டர், இருவரும் குவாட்டர்பேக்கைக் காக்கிறவர்கள். இரண்டு பேரும் ஆளுக்கு 300 பவுண்டு, ஒரே நேரத்தில் அவர் மேல் விழுவார்கள். அந்த இருவரையும் தன் மேல் இழுத்து வைத்துக்கொண்டு அவர் அசையாமல் நின்றால், ஓரத்தில் இருக்கும் தோழர் ஒற்றை ஆளைத் தாண்டிப் போய் சாக் எடுப்பார். பெயர் அவருக்குப் போகும். தேரோட்டத்தில் எல்லார் கண்ணும் தேர்மேல் இருக்கும்போது, சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவருடைய வேலை இது.

இதற்குக் கார்ட்டரே சாட்சி. முதல் ஆண்டில் 6 சாக், இரண்டாம் ஆண்டான 2024இல் 4.5. எதிரணியின் கணக்குப்படி அவர் தேய்ந்துவிட்டார். நடந்தது என்ன? அந்த 2024இல்தான் அவர் லீக்கின் சிறந்தவர்களைப் பட்டியலிடும் ஆல்-புரோவின் இரண்டாம் அணியில் இடம் பிடித்தார். அந்த ஆண்டுதான் ஈகிள்ஸின் தடுப்பு வரிசை அவரை மையமாக வைத்து எழுந்து நின்றது, 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று சாய்த்துக் கோப்பையை எடுத்தது. எண் குறைந்த ஆண்டில் ஆட்டம் உயர்ந்திருக்கிறது.

டொனால்டின் கணக்கும் அப்படித்தான். முதல் மூன்று ஆண்டுகள் 9, 11, 8. இந்த மூன்று எண்ணை வைத்துக்கொண்டு 2018இல் 20.5 வரும் என்று எந்த ஜோசியர் சொல்லியிருப்பார்? 2017இல் வேட் ஃபிலிப்ஸ் தடுப்புப் பயிற்சியாளராக வந்து அமைப்பையே மாற்றினார். 2018இல் பக்கத்தில் இன்னொரு பெயர்பெற்ற டேக்கிளான நடமுகாங் சூ வந்து நின்றார். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். அதோடு டொனால்டின் கை. எதிரே மறித்து நிற்கும் கார்டு, சென்டரின் பிடி உடம்பில் விழுவதற்குள் அதைத் தட்டிவிட வேண்டும் என்பதற்காக, பயிற்சியாளர் பிளாஸ்டிக் கத்திகளை வீச, அவற்றைத் தட்டித் தட்டிப் பழகிய கை அது. பருவம் முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாதங்களில் செய்த வேலை. முதல் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கார்ட்டரின் முதல் ஆண்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பர், டாலஸ் மைதானம். ஈகிள்ஸின் ஃபிளெட்சர் காக்ஸ் உள்ளே புகுந்து டாலஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். உருண்ட பந்தைக் கார்ட்டர் எடுத்துக்கொண்டு 42 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். அரங்கம் பார்த்தது கார்ட்டர் ஓடியதை. பந்தைப் பிடுங்கியது, பத்து ஆண்டுக்கு மேல் அதே அணியில் அடிபட்டு நின்ற காக்ஸ். அந்த ஆண்டு கார்ட்டர் மாற்றி மாற்றி இறக்கப்படும் வரிசையில் ஒருவராகத்தான் ஆடினார், பக்கத்தில் மூத்தவர்கள் இருந்தார்கள். 2014இல் டொனால்டு நின்ற இடம் வேறு, அணி வேறு. இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

ஒப்பீட்டால் என்ன கெட்டுவிடும், ரசிகர்கள் பேசத்தானே செய்வார்கள் என்றும் எதிரணி சொன்னது. கெடுகிறது, நடுவர் அவர்களே. குவினன் வில்லியம்ஸை 2019இல் நியூயார்க் ஜெட்ஸ் 3ஆவதாக எடுத்தது. முதல் ஆண்டு 2.5 சாக். அன்றைக்கே டொனால்டை வைத்து அளந்திருந்தால் "தேறாத ஆள்" என்று முத்திரை குத்தியிருக்க வேண்டும். 2022இல் அவர் 12 சாக் எடுத்து ஆல்-புரோ முதல் அணிக்குப் போனார். இடையில் இருந்த அந்த மூன்று ஆண்டைக் கொடுக்கும் பொறுமை ஒப்பீட்டுக்குக் கிடையாது. 21, 22 வயதுப் பையனின் முதுகில் பத்து ஆண்டில் பத்து புரோ பவுல், 111 சாக், மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்கிற மூட்டையை ஏற்றினால், அவன் எடுக்கும் 6 சாக் யார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாது. எனக்கு வருத்தம் அதுதான்.

பின் எப்படித்தான் பார்ப்பது? 2025 ஜனவரி, பிலடெல்பியாவில் பனி கொட்டுகிறது. எதிரே டொனால்டின் பழைய அணியான ராம்ஸ். டொனால்டு ஓய்வு பெற்று பத்து மாதம் ஆகியிருந்தது. ஈகிள்ஸ் 28-22 முன்னிலை, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மீதி. ராம்ஸ் ஈகிள்ஸின் 13 கஜக் கோட்டில் வந்து நிற்கிறது, நான்கு முயற்சிகளில் மூன்றாவது, தேவை இரண்டே கஜம். கார்ட்டர் பிளந்துகொண்டு போய் ராம்ஸ் குவாட்டர்பேக் ஸ்டாஃபோர்டைச் சாய்த்தார், 9 கஜம் பின்னுக்கு. அடுத்த முயற்சியில் மறுபடியும் கார்ட்டரே முகத்துக்கு நேரே வந்து நிற்க, ஸ்டாஃபோர்டு அவசரமாக எறிந்த பந்து கீழே விழுந்தது. அந்த இரண்டு முயற்சியைப் புரிந்துகொள்ள எனக்கு டொனால்டின் பெயர் தேவைப்படவில்லை. காலை எங்கே ஊன்றினார், எந்தத் தோளைத் தாழ்த்தினார், இருவர் வரும்போது என்ன செய்தார் என்று பார்த்தாலே போதுமாக இருந்தது.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். 2014 மே மாதத்தில், எந்த நட்சத்திரத்தோடு ஒப்பிட்டிருந்தால் அந்த 12 அணித் தேர்வுகளும் டொனால்டைத் தவறவிட்டிருக்காது? பெயரைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.